கொத்தனாருக்கு மோட்சம் உண்டா?

தத்துவ விசாரணைக்கு ஏற்ற ஊர் என்று இண்டூரை யாரும் சொல்லமாட்டார்கள். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகிற சாலையில் இருக்கிறது. ஒகேனக்கல் அருவியில் குளிக்கப் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு அடுத்த நிமிஷமே மறந்துவிடுவார்கள். புளி, கேழ்வரகு, நிலக்கடலை. மழை பெய்தால் விவசாயம், பெய்யாவிட்டால் பெங்களூரில் கட்டட வேலை. ஆனால் என் அபிப்பிராயம் என்னவென்றால், இம்மாதிரிக் காய்ந்த ஊர்களில்தான் மனிதர்கள் மோட்சத்தைப் பற்றி மும்முரமாகப் பேசுகிறார்கள். மூன்று போகம் விளைகிற ஊர்க்காரர்களுக்கு அதற்கு அவகாசம் கிடையாது. தஞ்சாவூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நான் கேட்ட விவாதம் கிறிஸ்தவர்களுக்குள் நடந்தது. ஒருவன் இரட்சிக்கப்பட்ட பிறகு பாவம் செய்வானா? செய்தால் அவனுடைய இரட்சிப்பு என்ன ஆகிறது? தான் இரட்சிக்கப்பட்டவன்தான் என்று ஒருவன் நிச்சயமாகச் சொல்லிக்கொள்ள முடியுமா? கேட்பதற்கு ஏதோ சாஸ்திரிகளின் சண்டை போல இருக்கிறது அல்லவா? நானும் கதை எழுதுகிறவனின் சாதாரண வேடிக்கை மனோபாவத்தோடுதான் உட்கார்ந்து கேட்டேன். பேச்சு ஒரு செத்துப்போன மனிதனைப் பற்றியது என்று தெரிந்ததும் வேடிக்கை போய்விட்டது.

அவன் ஒரு கொத்தனார். பெயர் வேண்டாம். அவனுடைய தாயார் கோவிலூர்ப் பக்கத்துப் பழைய கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி இண்டூருக்கு அருகே ஒரு கிராமத்துக்கு வந்தவள். கொத்தனார் இளவயதிலிருந்தே குடித்தான். சம்பளம் சனிக்கிழமை கைக்கு வரும், ஞாயிற்றுக்கிழமை இருக்காது. வீட்டில் அடி உதை. பிறகு ஒரு நாள், ஜெபக்கூட்டம் ஒன்றில் ஏதோ நடந்தது. என்ன நடந்தது என்று அவனுக்கும் விளக்கத் தெரியவில்லை. அழுதானாம், அவ்வளவுதான் அவன் மனைவிக்குத் தெரியும். அடுத்த மாதம் ஒகேனக்கல்லில் காவேரியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டான். அன்று நின்ற குடி ஆறு வருஷம் நின்றே இருந்தது. வீட்டுக்கு ஓடு போய் தளம் வந்தது. மனைவி தையல் மெஷின் வாங்கினாள். இரண்டு குழந்தைகளும் பள்ளிக்கூடம் போயின.

ஏழாவது வருஷம் மறுபடியும் குடித்தான். ஏன் என்று கேட்டால் பல காரணங்கள் சொல்கிறார்கள். ஒன்றும் போதுமானதாக இல்லை. மறுபடியும் அடித்தான். ஒன்றரை வருஷம் இப்படிப் போயிற்று. பெங்களூரில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து இறந்தான். அன்று குடித்திருந்தானா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. மனம் திரும்பி ஒரு வார்த்தை சொல்ல அவகாசம் இருந்ததா என்பதும் தெரியாது.

இவனைப் பற்றித்தான் இண்டூரில் ஒரு தையற்கடையில் மூன்று பேர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே ஒரு சட்டைக்கு அளவு கொடுக்கப் போனவன்.

கடைக்காரர் கொத்தனாரோடு ஒரே ஜெபக்கூட்டத்துக்குப் போனவர். "ஒரு தரம் ருசி பார்த்துட்டு விழுந்தவனுக்குத் திரும்ப வழியில்லீங்க. எபிரெயர் ஆறாம் அதிகாரம் அப்படித்தான் சொல்லுது. பின்மாற்றக்காரனா செத்தான். நான் என்ன பண்ணட்டும்?" என்றார். சொல்லும்போது அவர் குரலில் குதூகலம் இல்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னார்.

பெங்களூரில் வேலை பார்க்கிற இளைஞன் ஒருவன், வேறு சபையைச் சேர்ந்தவன், உடனே மறுத்தான். "அண்ணா, இரட்சிப்பு நாம சம்பாதிச்சதா, நாம தொலைக்க? யோவான் பத்தாம் அதிகாரத்துல அவர் கையிலேருந்து ஒருத்தரும் பறிக்க முடியாதுன்னு இருக்கே. ஒரு தரம் இரட்சிக்கப்பட்டவன் இரட்சிக்கப்பட்டவன்தான். அவர் இப்ப பரலோகத்துலதான் இருக்கார்."

மூன்றாமவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவர் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி வைத்திருந்தார். "உண்மையா மறுபடியும் பிறந்தவன் கடைசிவரை நிலைச்சு நிற்பான். நிக்கலைன்னா, ஆரம்பத்திலேயே உண்மையா பிறக்கலைன்னு அர்த்தம். அந்த ஆறு வருஷம் வெறும் உணர்ச்சிவசம்."

வேதத்தில் ஆளுக்கு ஒரு வசனம் இருந்தது. யோவானின் முதல் நிருபத்திலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது என்று ஆசிரியர்தான் எனக்குக் காட்டினார். முதல் அதிகாரம் தனக்குப் பாவமில்லை என்று சொல்லிக்கொள்கிறவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான் என்கிறது. மூன்றாம் அதிகாரமோ கடவுளால் பிறந்தவன் பாவம் செய்வதில்லை என்கிறது. ஒரே கை எழுதியது. நடுவில் ஒரே ஒரு அதிகாரம். இதற்கு அறிஞர்கள் சொல்லும் வழக்கமான சமாதானம், கிரேக்க மூலத்தில் பின்னது தொடர்ந்து நடக்கிற செயலைக் குறிக்கும் வினைவடிவம் என்பது. அதாவது, விசுவாசி தடுக்கி விழலாம், பாவத்திலேயே குடியிருக்கமாட்டான். நல்ல சமாதானம்தான். ஆனால் எத்தனை நாள் குடித்தால் அது தொடர்ச்சி? ஒன்றரை வருஷம் தொடர்ச்சி என்றால், அதற்கு முந்திய ஆறு வருஷம் எதன் தொடர்ச்சி?

மறுநாள் ஆசிரியரோடு அந்த வீட்டுக்குப் போனேன். மாசி மாதம், புளி உலுக்கும் காலம். இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் பெண்கள் வீட்டுத் திண்ணையிலேயே புளியை உடைத்து ஓடும் கொட்டையும் நாரும் நீக்கிக் கொடுத்துக் கூலி வாங்குகிறார்கள். தாயார் அந்த வேலையில் இருந்தாள். ஆசிரியர் என்னை எழுத்தாளர் என்று அறிமுகம் செய்ததுதான் தாமதம், கேட்டுவிட்டாள்.

"தம்பி, நீங்க நாலு எழுத்துப் படிச்சவரு. என் புள்ளை எங்கே இருக்கான்? அதை மட்டும் சொல்லுங்க. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பாவம், அவன்."

நம்முடைய பாஷையில் இந்த ஒரு சொல் இருக்கிற அழகைப் பாருங்கள். தேவசாஸ்திரி 'பாவம்' என்று சொன்னால் குற்றம். தாயார் 'பாவம்' என்று சொன்னால் இரக்கம். அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. அவன் செய்ததையும் அந்த ஒரே வார்த்தையில் அவள் மறைக்கவில்லை என்றுதான் தோன்றியது.

மருமகள் உள்ளே தைத்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்தாமலே பேசினாள். "அவுங்களுக்கு அவர் எங்கே இருக்காருன்னு தெரியணும். எனக்கு அது வேணாம் சார். அந்த ஆறு வருஷம் நெசமா, நடிப்பா? அதைச் சொல்லச் சொல்லுங்க. இந்த வாத்தியாரு நடிப்புன்னு சொல்றாரு. கூட இருந்தவ நான். எனக்குத் தெரியாதா?" கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தம்பி வந்து, அவர் எப்பவும் இரட்சிக்கப்பட்டவருதான், கவலைப்படாதீங்க அக்கான்னு சொன்னான். இரட்சிக்கப்பட்டவரு அடிச்சா வலிக்காதான்னு கேட்டேன். போயிட்டான்."

ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அப்போதுதான் இந்தப் பெரிய சர்ச்சையின் கணக்குப் புரிந்தது. தையற்காரர் சொல்வது சரியென்றால் தாயாருக்கு மகன் இல்லை. ஆசிரியர் சொல்வது சரியென்றால் மனைவிக்கு அந்த ஆறு வருஷம் இல்லை. இளைஞன் சொல்வது சரியென்றால் அவள் பட்ட அடி ஒரு பொருட்டில்லை. மூன்று சித்தாந்தமும் அந்த வீட்டில் யாரோ ஒருவரிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொள்கின்றன.

ஊர் திரும்பியதும் இதன் பூர்வோத்தரத்தைப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, இதே கணக்குத்தான் எல்லாக் காலத்திலும் என்று தெரிந்தது. ஆதித் திருச்சபையில் ஞானஸ்நானத்துக்குப் பிறகு செய்கிற பாவத்துக்கு என்ன வழி என்ற பயம் மிகுதியாக இருந்தது. அதனால் பலர் ஞானஸ்நானத்தையே கடைசிவரை தள்ளிப்போட்டார்கள். ரோமாபுரிச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் 337-ஆம் ஆண்டு, மரணம் நெருங்கிய பிறகுதான் எடுத்துக்கொண்டார். சக்கரவர்த்திகளுக்கு மரணம் முன்னறிவிப்போடு வருகிறது. சாரத்தில் நிற்கிறவனுக்கு அப்படி வருமா?

1431-இல் பிரான்சில் ஜோன் என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணை நீதிபதிகள் கேட்டார்கள்: நீ கிருபையில் இருக்கிறாயா? இருக்கிறேன் என்றால் கர்வம், இல்லை என்றால் குற்ற ஒப்புதல். அந்தப் பெண், இல்லையென்றால் கடவுள் என்னை அதில் வைக்கட்டும், இருந்தால் அதிலேயே காக்கட்டும் என்ற கருத்தில் பதில் சொன்னாள். வாயடைத்துப் போனார்கள், ஆனாலும் எரித்துவிட்டார்கள். கேள்வியே ஒரு பொறியாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

லூதருடைய கதை வேறு. துறவி மடத்தில் எத்தனை பாவசங்கீர்த்தனம் செய்தும் போதாமல் தவித்த மனிதர். விசுவாசி ஒரே சமயத்தில் நீதிமானும் பாவியுமாக இருக்கிறான் என்று அவர் கண்டுகொண்டது மூச்சுத் திணறியவனுக்குக் காற்று கிடைத்த மாதிரி. கத்தோலிக்கர்கள் 1547-இல் டிரென்ட் நகரச் சங்கத்தில் இதற்குப் பதில் சொன்னபோது, தனக்குக் கிருபை கிடைத்துவிட்டதாக எவனும் விசுவாசத்துக்குரிய பிழையற்ற நிச்சயத்தோடு அறிய முடியாது என்று தீர்மானித்தார்கள். அவர்கள் பயந்தது தவிக்கிறவனைப் பார்த்து அல்ல. நிச்சயத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்குகிறவனைப் பார்த்து. இந்தச் சண்டை தீர நானூற்றைம்பது வருஷம் ஆயிற்று. 1999 அக்டோபர் 31-ஆம் தேதி ஆக்ஸ்பர்க் நகரில் லூதரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. அதற்கும் முந்திய வருஷம் வாட்டிகன் முக்கியமாக ஆட்சேபித்த இடம் எது தெரியுமா? நீதிமானாக்கப்பட்டவன் இன்னும் பாவிதானா என்ற இதே இடம். மெதடிஸ்டுகள் 2006-இலும் சீர்திருத்த சபைகள் 2017-இலும் அந்த அறிக்கையோடு சேர்ந்துகொண்டன. இதெல்லாம் இண்டூர் வரைக்கும் வந்து சேரவில்லை.

ஒகேனக்கல்லில் பாறைகளில் குதிக்கிற அதே காவேரி, கீழே போய் ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. கிறிஸ்தவப் பாதிரிமார் நம் கரையில் இறங்குவதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே இந்தச் சர்ச்சை அங்கே நடந்தாகிவிட்டது. ஜீவன் தாய்க் குரங்கைப் பற்றிக்கொள்கிற குட்டியா, தாய்ப் பூனை வாயில் கவ்விக்கொண்டு போகிற குட்டியா? வடகலையார் குரங்கு என்றார்கள், தென்கலையார் பூனை என்றார்கள். வேதாந்த தேசிகர் ஒரு பக்கம், பிள்ளை லோகாசாரியர் ஒரு பக்கம். சரணாகதி செய்தவனிடம் குற்றம் மிஞ்சியிருந்தால் பகவான் என்ன செய்கிறான் என்பதும் அவர்களுக்குள் ஒரு வாதம். குற்றத்தைக் காணாதவன் போல விட்டுவிடுகிறான் என்றது ஒரு கலை. அப்போது ஈன்ற கன்றின் மேலிருக்கிற அழுக்கைப் பசு நக்குவது போல, குற்றத்தையே விரும்பி ஏற்கிறான் என்றது இன்னொரு கலை. பின்னால் இந்த இரு கலையாரும் காஞ்சிபுரத்தில் கோர்ட்டுக் கச்சேரி ஏறியது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் பசுவும் கன்றும் என்ற அந்த உபமானத்தைக் கண்டுபிடித்தவர் மாட்டுத் தொழுவத்தில் நின்று பார்த்தவராக இருக்க வேண்டும். ருடால்ஃப் ஆட்டோ என்ற ஜெர்மானிய அறிஞர் 1930-இல் வெளிவந்த தம் நூலில் இந்தப் பூனை குரங்குச் சண்டையைத் தம் மதத்துச் சண்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தமிழ்க் கிறிஸ்தவர்களுள் ஏ.ஜே. அப்பாசாமி அதற்கு முன்பே, 1927-இல், கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி எழுதினார்.

இந்த இரண்டு நதிகளும் ஒரே மனிதருக்குள் கலந்தது எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையிடம்தான். 1827-இல் திருநெல்வேலிக் கரையிருப்பில் வைஷ்ணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்தவர், கம்பனில் ஊறியவர், 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியன் என்ற ஆங்கிலேயர் 1678-இல் வெளியிட்ட கதையை எடுத்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் இரட்சணிய யாத்திரிகமாக 1894-இல் தந்தார். இதே கதை 'மோட்சப் பிரயாணம்' என்ற பெயரில் வசனமாகவும் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் புழங்குகிறது. ஆசிரியர் வீட்டில் ஒன்று, அட்டை போனது, இருந்தது. அவரிடமிருந்து வாங்கி வந்தேன்.

பனியன் பாத்திரங்களுக்கு ஓட்டை அடைக்கிற தொழிலாளி. அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு வருஷம் பெட்ஃபோர்டு சிறையில் இருந்தவர். தனக்கு மன்னிப்பே கிடையாது என்ற பயம் இளவயதில் அவரை வருஷக்கணக்கில் ஆட்டிவைத்தது. ஆகவே அவர் எழுதியதில் புத்தக வாசனை இல்லை. அவருடைய யாத்திரிகனிடம் ஒரு சுருள் இருக்கிறது. அதுதான் மோட்ச வாசலில் காட்ட வேண்டிய சீட்டு, அவனுடைய நிச்சயம். மலையேறும் வழியில் ஒரு நிழலில் தூங்கிவிடுகிறான், சுருள் நழுவிவிடுகிறது. அழுதுகொண்டே வந்த வழியில் திரும்பிப் போய்த் தேடி எடுக்கிறான். சுருள் கையில் இல்லாத அந்த நேரத்தில் அவன் யாத்திரிகனாக இல்லாமல் போய்விட்டானா? பனியன் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சுருள் இல்லாமல் மேலே நடக்கவும் விடவில்லை.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொரு இடம். யாத்திரிகனுக்கு ஒரு வீட்டில் பல காட்சிகள் காட்டுகிறார்கள். இருட்டறையில் இரும்புக் கூண்டுக்குள் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான். ஒரு காலத்தில் நல்ல விசுவாசியாக இருந்தவன், பிறகு விழுந்தவன். எனக்கு இனி நம்பிக்கை இல்லை, மனம் திரும்பவும் என்னால் முடியாது என்கிறான். பயங்கரமான பக்கம். தையற்காரரின் கட்சிக்கு இதுவே சாட்சி என்று தோன்றும். ஆனால் கதை எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று கவனித்தேன். தீர்ப்பு முழுவதும் கூண்டிலிருப்பவன் வாயிலிருந்தே வருகிறது. காட்சியைக் காட்டுகிற வீட்டுக்காரர், இவன் துன்பத்தை மறக்காதே என்று எச்சரிக்கிறாரே தவிர, இவன் சொல்வது சரி, இவனுக்கு வழியில்லை என்று தம் வாயால் சொல்வதில்லை. தானே அந்தக் கூண்டில் கிடந்து வெளியே வந்த எழுத்தாளர் அந்த ஒரு வாக்கியத்தை எழுதாமல் விட்டிருக்கிறார்.

இதை அடுத்த முறை போனபோது தையற்காரரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் முகம் மாறியது. கடைசி வருஷத்தில் கொத்தனார் அவரிடம் ஒரு நாள் இரவு வந்தானாம். "எனக்கு இனிமே மன்னிப்பு இல்லேண்ணா, நீங்க வாசிச்சீங்களே அந்த அதிகாரம்" என்றானாம். வாசலிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டானாம். "அவனே சொன்னான். நான் சொல்லலீங்க" என்றார் தையற்காரர். பிறகு, "நான் இல்லைன்னும் சொல்லலே" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய சித்தாந்தம் ஆறு வருஷம் ஒரு மனிதனைக் கள்ளுக்கடைப் பக்கம் போகாமல் பயமுறுத்தி நிறுத்தியிருக்கிறது. அந்தப் பயத்துக்கு அந்த வீட்டின் தளமும் தையல் மெஷினும் கடன்பட்டிருக்கின்றன. நின்றுகொண்டிருக்கிறவனுக்குச் சொல்ல வேண்டியது அது. விழுந்தவனுக்கு அந்த இளைஞனின் சித்தாந்தத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அவனோ பெங்களூரில் இருந்தான்; அடி வாங்கியவளிடம் வந்துதான் அதைச் சொன்னான். மருந்தெல்லாம் ஊரில் இருந்தது. ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆங்கிலேயர் ஜான் வெஸ்லி, விசுவாசி இந்த உலகத்திலேயே பூரண அன்பை அடைந்து மனமறிந்த பாவத்திலிருந்து விடுபடலாம் என்று போதித்தவர். தாம் அதை அடைந்துவிட்டதாக ஒருபோதும் அவர் உரிமை கொண்டாடவில்லை. அவருடைய நண்பர் ஒயிட்ஃபீல்டு, தெரிந்துகொள்ளப்பட்டவன் தவறிப்போவதில்லை என்கிற கட்சி. 1740 வாக்கில் பகிரங்கமாகவே முட்டிக்கொண்டார்கள். 1770-இல் ஒயிட்ஃபீல்டு இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. செத்தவருடைய சித்தாந்தம் பிழை என்று நினைத்த மனிதர், செத்தவரைப் பற்றி அன்று சந்தேகமே வைக்கவில்லை.

தாயார் நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்குப் பிறந்த ஊர் போனாள். மகன் அங்கே புதைக்கப்படவில்லை. தன் அம்மாவின் கல்லறை மேல் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினாளாம். இரண்டாவது யாருக்கு என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை என்று ஆசிரியரிடம் திருப்தியோடு சொல்லியிருக்கிறாள். செத்தவர்களுக்காக ஜெபிப்பது தையற்காரர் சபையில் கிடையாது. ஆனாலும், 'நான் முழங்காலில் நிற்கும்போது அவன் பேர் வந்துடுது, நான் என்ன பண்ணட்டும்' என்று என்னிடம் கேட்டார். ஆசிரியர் 'வெறும் உணர்ச்சிவசம்' என்ற பேச்சை விட்டுவிட்டார். கிரேக்க வினைச்சொல்லை மட்டும் விடவில்லை.

மருமகள் எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைகளுக்குத் தலை வாரி, துவைத்த துணி போட்டு, தையற்காரரோடு அனுப்பிவிட்டு, மெஷினில் உட்கார்ந்துகொள்கிறாள். பள்ளிக்கூடச் சீருடைக்கு இப்போது நிறைய ஆர்டர் வருகிறதாம்.